மரத்தடியில் மூணு வருஷம் கிடந்த காருக்குக் கையாலேயே பாலிஷ்

மாமாவின் மாருதி 800 மூன்று வருடம் வேப்பமரத்தடியில் நின்றது. 1999 மாடல், சிவப்பு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டார், விற்கவும் மனசில்லை, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட்டு மறந்துவிட்டார். நான் போய்ப் பாயை விலக்கியபோது அது சிவப்புக் காராகவே இல்லை. கூரையும் பானெட்டும் வெளுத்து ரோஸ் நிறத்தில் சுண்ணாம்பு பூத்தது போல இருந்தன, கதவுகள் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. காக்கா எச்சம், வேப்பம்பிசின், அழுகிய வேப்பம்பழக் கறை எல்லாம் இருந்தன. டிங்கரிங் கடை ஒன்றில் காட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் தேய்ச்சா வராது, மொத்தமா உரிச்சுப் புதுசா அடிச்சிரலாம்" என்று அவர் சொன்ன தொகைக்கு அதே மாதிரிக் கார் ஒன்றையே வாங்கிவிடலாம் போலிருந்தது.

தேய்த்தேன், வந்தது. மெஷின் இல்லாமல், வெறும் கையால், இரண்டு வாரக் கடைசிகள், சாமான் செலவு மூவாயிரத்துக்குள். புதுக் கார் மாதிரி ஆகிவிட்டதா என்றால் இல்லை, ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு வந்தது. முதல் தடவை செய்கிறவர்களுக்காக, நான் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஷாம்பூவும் வாங்காதீர்கள், தேய்க்கிற காம்பவுண்டும் வாங்காதீர்கள். காரை உட்கார்ந்து பாருங்கள். வெளுத்துப்போன பெயிண்ட் வேறு, செத்துப்போன பெயிண்ட் வேறு. கூரையிலோ பானெட்டிலோ வெள்ளையாகத் திட்டுத் திட்டாகி, அதன் ஓரம் வெயிலில் உரிந்த தோல் மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றால், மேலே இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு கழன்றுவிட்டது என்று அர்த்தம். அதை எந்தப் பாலிஷும் காப்பாற்றாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் உரியும், அந்த இடத்துக்குப் பெயிண்ட் கடைதான். உரியாமல், மொத்தமாக மங்கி, விரலால் தடவினால் பவுடர் ஒட்டுகிறது என்றால் நல்ல செய்தி. வெயிலில் மேல்தோல் மட்டும் கெட்டிருக்கிறது, அடியில் நல்ல பெயிண்ட் காத்திருக்கிறது. சிவப்புதான் இந்த விஷயத்தில் ரொம்பப் பாவம், மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

அடுத்தது, உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து, கண்ணுக்குப் படாத ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது பழைய மாதிரிப் பெயிண்ட், நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருக்கிறது. நிறம் ஏறாமல் துணி வெறுமனே அழுக்கானால் மேலே நிறமில்லாத கிளியர் கோட் இருக்கிறது. மெட்டாலிக் நிறம் என்றால் அநேகமாக இந்த இரண்டாவது வகைதான். மாமா காரில் துணி நாலு தேய்ப்பில் சிவந்துவிட்டது, குங்குமச் சிமிழைக் கவிழ்த்தது போல. பயப்பட வேண்டாம், அந்த வகையில் அப்படித்தான் வரும்.

ஏன் இவ்வளவு முன்ஜாக்கிரதை என்றால், தேய்த்து எடுக்கிற எதுவும் திரும்பி வராது. கம்பெனியில் அடித்த மொத்தப் பெயிண்டும், பிரைமர் என்கிற அடிப்பூச்சோடு சேர்த்து, சுமாராக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இது வங்கியில் போட்ட வைப்பு நிதி மாதிரி, ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் எடுக்கிறோம், போடுவதற்கு வழியே இல்லை. கையால் தேய்ப்பதில் ஒரு வசதி, மெஷின் மாதிரி ஒரே நொடியில் பெயிண்டைத் தின்றுவிடாது. ஆனால் ஓரங்களில் கையும் தின்னும், அந்தக் கதை பின்னால் வருகிறது.

சரி, கழுவுவது. பாதி வேலை இதுதான், ஆனால் எல்லாரும் அவசரப்படுகிற இடமும் இதுதான். தூசியை ஒருபோதும் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். தூசி என்பது மணல், மணலை வைத்துத் தேய்த்தால் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைப் போட்டது மாதிரிதான். முதலில் ஹோஸ் வைத்து நன்றாகத் தண்ணீர் அடித்து, போவதைப் போகவிடுங்கள். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைத்து, ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். அந்த இரண்டாவது வாளியின் அடியில் கடைசியில் சேர்ந்திருக்கிற மண்ணைப் பார்த்தால், இத்தனை நாள் இதையெல்லாம் காரிலா தேய்த்தோம் என்று வயிறு கலங்கும்.

ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் துணி இந்த வேலைக்கு வேண்டாம். கிரீஸ் துடைக்க அதைப்போல வராது, ஆனால் அதன் தையலும் கெட்டி நூலும் பெயிண்டில் கோடு போடும். அதேபோல வாளித் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் பளபளக்கும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். பளபளக்கும்தான், அரை நாள். அந்த எண்ணெய்ப் பசையில் ஊர்த் தூசி முழுக்க வந்து ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் ஊறி, தானாகக் கழன்று வரும், அடியில் பெயிண்ட் அரித்திருந்தால் அந்த வட்டம் மட்டும் மிஞ்சும். பிசினுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து வைத்து வைத்து எடுத்தேன், பொறுமை வேண்டும், சில சொட்டுகளுக்கு நாலைந்து தடவை ஆனது. போர் தண்ணீரில் கழுவுகிற வீடு என்றால் காரை வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உப்புக்கறை வட்டம் வட்டமாக நிற்கும். ஏற்கெனவே நிற்கிற கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒன்றிரண்டு நிமிஷம் வைத்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

கழுவிக் காய்ந்த பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழவென்று தெரிந்தது, கவர் வழியாக உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று தெரியும். பெயிண்டில் புதைந்த இரும்புத் துகள், தார், பிசின் மிச்சம் அது. இதற்கு க்ளே பார் என்று ஒன்று விற்கிறார்கள், சின்ன வயதில் விளையாடிய களிமண் மாதிரியே இருக்கும். எலுமிச்சை அளவு பிய்த்து, பிஸ்கட் போலத் தட்டி, ஷாம்பூ தண்ணீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட்டு ஓட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும், சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்து மறுபடி தட்டிக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் எடுக்காதீர்கள், காசு போனால் போகிறது என்று குப்பையில் போடுங்கள். ஒரு மண்துகள் ஒட்டியிருந்தாலும் கார் முழுக்கக் கோலம் போட்டுவிடும்.

இனிமேல்தான் பாலிஷ். மாஸ்கிங் டேப் எடுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், விளக்கு ஓரம், பானெட்டின் விளிம்பு, கதவில் ஓடுகிற மடிப்புக் கோடு எல்லாவற்றையும் மூடுங்கள். மடிப்புகளில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். கறுப்புப் பம்பரில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு உயிரை எடுக்கும்.

கடையில் இரண்டு மாதிரி இருக்கும், ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். காம்பவுண்டில் அரைக்கிற துகள் பெரிசு, பாலிஷில் நைசு. எடுத்த எடுப்பில் காம்பவுண்டுக்குப் போகாதீர்கள். பானெட்டில் ஒரு அடிக்கு ஒரு அடி டேப் ஒட்டிக் கட்டம் கட்டி, முதலில் பாலிஷை மட்டும் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட், அதன்மேல் பாலிஷ். அந்தக் கட்டத்தில் எது வேலை செய்ததோ அதுவே கார் முழுக்க. மாமா காரில் கதவுகளுக்குப் பாலிஷே போதுமானதாக இருந்தது, கூரைக்கும் பானெட்டுக்கும் காம்பவுண்ட் இல்லாமல் முடியவில்லை.

நிழல் வேண்டும், தகடு குளிர்ந்திருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடக்கூடாது. நான் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு நிறுத்திவிடுவேன். ஃபோம் பேடில் நிலக்கடலை அளவில் நாலு சொட்டு, கட்டம் முழுக்கப் பரப்பிவிட்டு, முதலில் நீளவாக்கில் நேர்கோடாக, அப்புறம் குறுக்குவாக்கில். வட்டம் வட்டமாகத் தேய்ப்பது நம் கைக்கு இயல்பாக வரும், ஆனால் கோடு விழுந்தால் வட்டக் கோடுதான் எந்தக் கோணத்திலும் வெயிலில் பளிச்சென்று தெரியும். விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கை முழுக்கப் படுகிற மாதிரி அழுத்தம் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் பாலிஷ் எண்ணெய் மாதிரித் தெளிந்து வரும், அதற்குள் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து துடைத்துவிட வேண்டும். பேடில் நிறம் அப்பிக்கொண்டால் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் செத்த பெயிண்டையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம்.

அந்த முதல் கட்டத்தின் டேப்பை உரித்தபோது கிடைத்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். சுற்றிலும் ரோஸ் சுண்ணாம்பு, நடுவில் ஒரு சதுரம் மட்டும் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு, அதில் வேப்பங்கிளை தெரிகிறது.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புப் பண்ணினேன். இடது பக்க மட்கார்டுக்கு வரும்போது டேப் தீர்ந்துவிட்டது, கையால்தானே தேய்க்கிறோம் என்று அப்படியே மடிப்புக் கோட்டின் மேல் காம்பவுண்டை அழுத்தித் தேய்த்தேன். துணியில் வந்த சிவப்பு திடீரென்று குறைந்தது. குறைகிறதே, சுத்தமாகிவிட்டது போல என்று இன்னும் நாலு தேய்ப்பு. துடைத்துப் பார்த்தால் கோட்டின் மேலே கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறம். பிரைமர். பழைய வகைப் பெயிண்டில் துணியில் வருகிற நிறம் சட்டென்று மாறினால், அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள்.

போகாத கீறலைப் போகவைக்க முயலாதீர்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்து, நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது. அதற்காக வாட்டர் பேப்பரைத் தொடுவது, முதல் காரில், என் வரையில் கூடவே கூடாது. தேய்த்து முடித்த இடத்தை ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு தடவை துடைத்துவிட்டு, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறல்களை நிரப்பி நம்மை ஏமாற்றும், அதைத் துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிலைமை.

கடைசியாக வேக்ஸ். பழைய வகைப் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்கிற குடை கிடையாது, வேக்ஸ் போடாமல் விட்டால் மறுபடி வெளுப்பதற்கு ரொம்ப நாள் ஆகாது. பிரேசில் பனை ஓலையிலிருந்து எடுக்கிற கர்னவுபா மெழுகு கலந்த டப்பா வாங்கினேன். போட்டதே தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரலால் இழுத்துப் பார்த்துத் தடம் சுத்தமாக விழுந்தால் துடைத்துவிடலாம். தடிமனாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு ஒன்றும் இல்லை, துடைப்பதற்குள் கை கழன்றுவிடும். நம் வெயிலில் சுமார் இரண்டு மாதம் தாங்கும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி போட வேண்டிய நேரம். வேக்ஸுக்குப் பதிலாகப் போடுகிற சிந்தெடிக் சீலன்ட் இன்னும் நாள் தாங்கும், விலையும் அப்படி.

காரை வேப்பமரத்தடிக்குத் திருப்பி அனுப்பவில்லை, போர்ட்டிகோவில் ஏற்றிவிட்டோம். தார்ப்பாயும் போய்விட்டது. காற்றில் அது அடித்து அடித்துத் தேய்த்ததில்தான் கூரை ஓரங்களில் பாதிக் கோடு.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பானெட்டை ஒரு தடவை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி இடது பக்கம் வந்தவர் குனிந்து பார்த்து, "இங்க என்னப்பா சாம்பலா இருக்கு?" என்றார். டச் அப் பெயிண்ட் வாங்கி, தீக்குச்சி முனையில் தொட்டு மூன்று தடவை வைத்துவிட்டேன். நிறம் அரைப்பிடி கூடுதல்தான். அடுத்த மழைக்குள் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு கோட் வைக்க வேண்டும்.