ரத்தம் கொடுத்தவர் மறுபடியும் வரவேண்டுமா?

சென்னிமலைப் பக்கம் ஒரு ரத்ததான முகாமில், விசைத்தறி ஓட்டும் தம்பி ஒருவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சட்டையில் பஞ்சுத் தூசி. "கொடுத்துவிட்டு ராத்திரி ஷிப்ட் போகலாமுங்களா?" என்று கேட்டார். ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்றே நாம் நினைக்கிறோம். பலருக்குக் கூலி போய்விடுமோ என்ற கவலைதான் பெரிது.

முகாம் நடத்துகிறவர்களே, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். எடுப்பது 350 மில்லி, எடை கூடியவர்களிடம் 450. குறைந்த நீர்ச்சத்து ஓரிரு நாளில் ஈடாகிவிடும். அன்றிரவு மட்டும் தறியில் நிற்க வேண்டாம். ஆகவே தறி ஊர்களிலும் பனியன் கம்பெனிகள் உள்ள ஊர்களிலும் முகாமை வார விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் வையுங்கள்.

முதல் தடவை மயங்கி விழுந்தவர் மறுபடி வருவது அரிது. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஊசி போடுவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வையுங்கள். முடிந்ததும் கால் மணி நேரமாவது உட்கார வையுங்கள், கையில் ஜூஸைத் திணித்து அனுப்பிவிடாதீர்கள்.

ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுங்கள். மறுநாள் காலை போனில், "உடம்பு எப்படி இருக்கிறதுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தத் தம்பியிடம் அப்படித்தான் கேட்டோம். நான்காம் மாதம் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.