முவாங் போரான் பூங்காவுக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கிற்குத் தென்கிழக்கே, சமுத் பிராகான் மாகாணத்தில் இருக்கும் முவாங் போரானைப் பற்றிக் கேட்டால், ‘தாய்லாந்தின் பழைய கட்டடங்களையெல்லாம் சிறிதாகச் செய்து வைத்திருக்கும் இடம்’ என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அங்கே போய் ஏமாந்து திரும்புகிறவர்களில் பலர் இந்த விடையை நம்பிப் போனவர்கள். பொம்மைக் கோயில்களைப் பார்க்க இரண்டு மணி நேரம் போதாதா என்று எண்ணிப் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்கிறார்கள். உள்ளே நுழைந்த பிறகுதான், இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் நூற்றுக்கும் அதிகமான கட்டடங்கள் பரந்து கிடப்பதும், அவற்றுள் சில அசலின் முழு அளவிலேயே எழுந்து நிற்பதும் தெரிகின்றன.

இதை உருவாக்கிய லெக் விரியபந்த் என்ற சீன வம்சாவளித் தொழிலதிபரும் முதலில் சிறிய அளவில்தான் நினைத்தார். தாய்லாந்தின் வரைபட வடிவில் ஒரு சிறு கோல்ஃப் திடல், அதில் ஆங்காங்கே புகழ்பெற்ற கட்டடங்களின் மாதிரிகள் என்பதே அவருடைய முதல் திட்டம். மாதிரிகளுக்காக நாடெங்கும் அலைந்து அசல்களைப் பார்த்தபோது, அவற்றுள் பல கவனிப்பாரின்றிச் சிதைந்துகொண்டிருப்பதைக் கண்டு திட்டத்தையே மாற்றிக்கொண்டார். 1972-இல் பூங்கா திறக்கப்பட்டபோது கோல்ஃப் போய், வரைபடம் மட்டும் நின்றது.

அந்த வரைபடத்தை மறந்துவிட்டுச் சுற்றுவது அடுத்த தவறு. கட்டடங்கள் ஏறத்தாழ அந்தந்த மாகாணம் நாட்டில் எங்கே இருக்கிறதோ அங்கேயே வைக்கப்பட்டுள்ளன. தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட், சையா தூபிகளில் தொடங்கினால், நடுவில் பழைய தலைநகரங்களான அயுத்தயா, சுகோத்தாய் வழியாக வடக்கே பழைய லான்னா நாட்டின் மரக்கோயில்களுக்கும், வடகிழக்கே கெமர் (பழங்கம்போடிய) கற்கோயில்களுக்கும் போய்ச் சேர்வோம். வாயிலுக்கு அருகிலிருக்கும் தென்பகுதியிலேயே ஒவ்வொரு தூணையும் படமெடுத்து நேரத்தைக் கரைத்தவர்கள், வடகிழக்கை எட்டும்போது களைத்துப்போய் வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால், தென்பகுதியை விரைவாகக் கடந்து, காலை வெயில் ஏறுமுன் தொலைவிலுள்ள பகுதிகளுக்குப் போய்விட்டுப் பின்னோக்கி வருவதே சரி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அங்குள்ள அனைத்தையும் ‘நகல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது. சில கட்டடங்கள், இன்றும் வேறிடத்தில் நிற்கும் அசல்களின் பிரதிகள். சில, அசலே அழிந்துபோனவை. அயுத்தயாவின் சன்பெட் பிராசாத் அரண்மனை மண்டபம் 1767-இல் பர்மியப் படையெடுப்பில் எரிந்தழிந்தது. இன்று அயுத்தயாவுக்குப் போனால் அதன் செங்கல் அடித்தளத்தை மட்டுமே காணலாம். பழைய பதிவுகளையும் எஞ்சிய தடயங்களையும் வைத்து முவாங் போரானில் மீண்டும் எழுப்பப்பட்ட அந்த மண்டபத்தில்தான், 1972-இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்துக்கு வரவேற்பளிக்கப்பட்டது. ஆகவே அதை நகல் என்பதைவிட, ஆய்வின் துணைகொண்ட ஊகம் என்பதே பொருந்தும். அந்த ஊகத்தில் எவ்வளவு உறுதி, எவ்வளவு கற்பனை என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். அயுத்தயாவின் இடிபாடுகளை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும் என்பதால், பயணத்தை அந்த வரிசையில் அமைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வகை, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட உண்மையான கட்டடங்கள். லாம்பாங் மாகாணத்தின் சோங் காம் மடாலயம் அப்படி வந்தது. அதையும் மாதிரி என்று நினைத்து அதன் பழைய மரவேலைப்பாட்டைக் கவனியாமல் கடந்துபோவது பெரிய இழப்பு. நான்காம் வகை, எந்தக் காலத்திலும் எங்குமே இல்லாதவை: ஆனந்த மீன் என்ற புராணப் பெருமீன் சுற்றிக் கிடக்க, நீர் நடுவே எழும் சுமேரு மலை, புராணத்தைக் கட்டடமாக்கிய கற்பனை. இதைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்க் கோயிலின் பிரதி என்று தேடுவதில் பயனில்லை. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் உள்ள விளக்கப் பலகையைப் படிக்காதவருக்கு இந்த நான்கு வகைகளும் ஒன்றாகவே தோன்றும்.

வடகிழக்கில் செயற்கையாக எழுப்பிய குன்றின்மேல் நிற்கும் பிரா விகான் கோயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இதன் அசல் தாய்லாந்தில் இல்லை. அது கம்போடியாவுக்கு உரியது என்று 1962-இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்லாந்து வரைபடத்தின் விளிம்பில் அது நிற்பதைப் பார்த்து, அசலுக்குப் போகப் பேருந்து உண்டா என்று விசாரிப்பது வீண். எல்லைப் பூசலால் தாய்லாந்துப் பக்கத்து வழி அடைபட்டது. மலை உச்சியை நோக்கி ஏறத்தாழ 800 மீட்டர் நீளும் அசல் கோயிலின் நேர்கோட்டு அமைப்பு இங்கே மிகவும் சுருக்கப்பட்டிருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் படியேறாமல் கீழிருந்தே திரும்பிவிடக் கூடாது. குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால்தான் பூங்காவின் பரப்பு கண்ணுக்குள் அடங்கும்.

அருகே பனோம் ருங், பிமாய் ஆகியவற்றின் பிரதிகளும் உள்ளன. இரண்டையும் ஒரே மாதிரியான கெமர் கோயில்கள் என்று கொள்பவர்கள் உண்டு. பனோம் ருங் சிவனுக்கு எடுக்கப்பட்டது. பிமாய் மகாயான பௌத்தக் கோயில். பனோம் ருங் அசலின் வாயிலில் உள்ள பள்ளிகொண்ட திருமாலின் உத்தரக்கல் திருடப்பட்டு, சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து 1988-இல் மீட்கப்பட்டது. அனந்தசயனக் கோலம் நமக்குப் பழக்கமானது என்பதால், தமிழர்கள் இந்தப் பகுதியில் கூடுதலாக நேரம் செலவிடலாம்.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கட்டடங்களுக்கிடையே நிழல் குறைவு. ஏப்ரலில் நடந்தே சுற்றுவது வதையாகிவிடும். மிதிவண்டியோ மின்வண்டியோ வாடகைக்கு எடுப்பது நல்லது. மிதிவண்டியை எடுக்கும்போதே பிரேக்கைச் சோதித்துவிடுங்கள். குழுவாக ஏற்றிச் செல்லும் வண்டியை நம்பினால் அது நிற்கும் இடங்களை மட்டுமே பார்க்க முடியும். மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழைக்கு வாய்ப்பு அதிகம்.

காட்சிப் பொருள்தானே என்று புத்தர் சிலைகளின் மீது சாய்ந்து படமெடுப்பதும், செருப்போடு மண்டபங்களுக்குள் நுழைவதும் தவறு. உள்ளூர் மக்கள் அங்கே ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடையும், எளிதில் கழற்றக்கூடிய காலணியும் போதும்.

மிதக்கும் சந்தைப் பகுதியில் சாப்பிடும் சைவ உணவுக்காரர்கள், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சாறு கலந்த உணவு வந்துவிடலாம். விலங்குப் பொருள் சேராத உணவைக் குறிக்கும் ‘ஜே’ என்ற தாய்லாந்துச் சொல்லைச் சொல்வது பாதுகாப்பு. போகும் வழியில் குழப்பம் வராமலிருக்க, ஓட்டுநரிடம் பூங்காவின் ஆங்கிலப் பெயரான ‘ஏன்ஷியன்ட் சிட்டி’ (பழைய நகரம்) என்று சொல்லாமல் முவாங் போரான் என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் அயுத்தயாவை நினைத்துக்கொள்ளக்கூடும். பாங்காக்கின் மேம்பால ரயிலில் வருவோர் சுகும்வித் தடத்தின் கடைசி நிலையமான கேஹாவில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். அதே தடத்தில் முன்னதாக வரும் சாங் எராவான் நிலையம், லெக் விரியபந்தே திட்டமிட்ட மூன்று தலை யானை அருங்காட்சியகத்துக்கு உரியது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் காலையில் முவாங் போரானைத் தொடங்கி, யானையை மாலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.