‘பஸ் பறக்குது தம்பி’: சின்ன கேம்களுக்குக் கருத்துச் சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்

சேலத்தில் எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் பையன் ஒருவன், பிரவுசரிலேயே ஓடும் கேம் ஒன்று செய்தான். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஓட்டவேண்டும். நிஜ மலைப்பாதையில் இருக்கிற மாதிரியே 20 கொண்டை ஊசி வளைவுகள். டவுன்லோடு எதுவும் வேண்டாம், லிங்க்கைத் தொட்டால் பஸ் கிளம்பிவிடும். “ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா” என்று அனுப்பியிருந்தான். மூன்றாவது வளைவில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே இடம். “பஸ் பறக்குது தம்பி, வேகத்தைப் பாதியாக் குறைச்சிடு” என்று எழுதிப் போட்டேன்.

அவனும் குறைத்துவிட்டான். மறுநாள் மற்றவர்களிடமிருந்து ‘இது பஸ்ஸா, மாட்டுவண்டியா’ என்று வரத் தொடங்கியது.

விஷயம் பிடிபட ஒரு வாரம் ஆனது. பிரவுசர் ஒவ்வொரு முறை திரையைப் புதுப்பிக்கும்போதும் கேமை ஒருமுறை கூப்பிடும். அவனுடைய பழைய லேப்டாப்பின் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும். என் போன் 120 தடவை. ஒவ்வொரு கூப்பிடலுக்கும் பஸ் இத்தனை அடி நகரவேண்டும் என்று அவன் எழுதியிருந்ததால், என் கையில் பஸ் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. இரண்டு கூப்பிடலுக்கு நடுவே எவ்வளவு நேரம் போனது என்று பார்த்து, அதற்கேற்ப பஸ்ஸை நகர்த்தியிருந்தால் எல்லாத் திரையிலும் ஒரே வேகம் வந்திருக்கும். இதில் வேடிக்கை, சில நாள் என் போனிலும் பஸ் ஒழுங்காக ஓடியது. அன்றைக்கெல்லாம் பேட்டரி சேவர் போட்டிருந்தேன். பல போன்களில் அதைப் போட்டால் திரை 60-க்கு இறங்கிவிடும். அதையும் நான் அவனிடம் சொல்லவில்லை. எனக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மெடிக்கல் ஷாப்பில் போய் நாமாகவே மாத்திரைப் பெயர் சொல்லி வாங்குவோமே, நான் செய்தது அதுதான். என்ன ஆனது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். “இன்ன போன், குரோம், மூணாவது வளைவுல திருப்புறதுக்குள்ள வண்டி வெளிய போயிடுது, அஞ்சு தடவை ஆடி அஞ்சு தடவையும் அங்கதான்” என்று எழுதியிருந்தால் போதும். போன் பெயரைப் பார்த்ததுமே அவனுக்குப் பொறி தட்டியிருக்கும். யோசனை சொல்லக் கூடாது என்றில்லை. நடந்ததை முதலில் எழுதிவிட்டு, யோசனையைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு ‘சூப்பர் ப்ரோ’. கல்யாண வீட்டில் கை கழுவிக்கொண்டே “சாப்பாடு பிரமாதம்” என்று சொல்வது போல. கேட்கிறவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் ரசத்தில் உப்பு கூடியதா என்று சமையல்காரருக்குத் தெரியாது. பாராட்டுவதிலும் இடம் சுட்டவேண்டும். பத்தாவது வளைவு தாண்டியதும் பனி இறங்கி எதிரே வரும் லாரி தெரியாமல் போகிறதே, அங்கே நிஜமாகவே கை வியர்த்தது என்று சொன்னால், எதை மாற்றாமல் விடவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த திருத்தத்தில் ‘பாதை தெரியல’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவன் பனியை எடுத்துவிட்டால் போச்சு.

தமிழில் எழுத்து வரும் கேம் என்றால் இன்னொரு வம்பு உண்டு. ‘தமிழ் தப்பா இருக்கு’ என்று ஒருவர் சொல்லப்போய், பையன் ராத்திரியெல்லாம் எழுத்துப்பிழை தேடினான். பிழையே இல்லை. எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது ஒரு வியாதி: கேமோடு தமிழ் எழுத்துரு போகவில்லை. செய்தவரின் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவைக் கடன் வாங்கி அங்கே அழகாகத் தெரியும், ஆனால் கேம் செய்ய உதவும் மென்பொருளான ‘இன்ஜின்’ பலவற்றில், பிரவுசருக்கு வந்தால் அந்தக் கடன் கிடைக்காது. ‘சேலம்’ என்பதில் ச-வுக்கு முன்னால் நிற்கவேண்டிய இரட்டைச் சுழி பின்னால் போய் நின்றால் அது வேறு வியாதி: எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேலையை அந்த இன்ஜின் செய்யவில்லை. கோடோ (Godot) என்ற இன்ஜினில் 2023-இல் வந்த 4-ஆம் பதிப்புக்கு முன்னால் அந்த வசதி கிடையாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தால் பையன் அன்றிரவு தூங்கியிருப்பான்.

குறை சொல்லுமுன் நம் பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சத்தம் வரவில்லையா? 2018 முதல் குரோம், பொதுவாக நாம் பக்கத்தை ஒருமுறை தொடும்வரை சத்தத்தை விடாது. சேவ் ஆனது காணோமா? இன்காக்னிட்டோவில் (தடம் வைக்காத தனி ஜன்னலில்) ஆடினால் ஜன்னலை மூடியதும் எல்லாம் போய்விடும். கம்ப்யூட்டரில் கேம் உறைந்து நின்றால் எஃப்12 தட்டி, அப்போது திறக்கும் பெட்டியில் ‘கன்சோல்’ (Console) என்ற பகுதியில் சிவப்பாக இருக்கும் வரிகளைப் படம் பிடித்து அனுப்புங்கள். புரியவேண்டும் என்று அவசியமில்லை.

எனக்கு இன்றும் வருத்தமான தவறு ஒன்று. இரண்டாவது கேமை அவன் காட்டியபோது, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஆடினேன். “இதைத் தொடணுமா தம்பி?” “இல்லீங்கண்ணா, அந்தப் பக்கம்.” பத்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு, விளங்காமல் இருந்தபோது கை எங்கே தடுமாறியது என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. லிங்க் மூலமாக ஆடப்போகும் யாருக்கும் பக்கத்தில் அவன் இருக்கமாட்டான். இப்போதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தைத் தனியாக ஆடுகிறேன், போன் திரையை ரெக்கார்டு செய்துகொண்டு. நான் ஒன்றும் எழுதாவிட்டாலும் அந்த வீடியோவே போதும் என்கிறான்.

‘லெவல் போடு, மல்டிபிளேயர் வை’ வகை யோசனைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல் கண்டுபிடிக்கும் ‘வேர்டில்’ (Wordle) விளையாட்டு 2021-இல் பரவியபோது ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்தான். ‘இன்னும் பத்து கொடு’ என்ற யோசனைக்குச் செவி சாய்த்திருந்தால் அது வேறு விளையாட்டாகியிருக்கும். கேம் ஜாமுக்காக, அதாவது குறித்த விதிக்குள் கேம் செய்யும் போட்டிக்காகச் செய்தது என்றால் அதன் விதியையும் படித்துவிடுங்கள். லூடம் டேர் போட்டியின் கடினப் பிரிவில் ஒரே ஆள் 48 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் செய்து முடிக்கவேண்டும். ஜேஎஸ்13கே (js13k) என்ற இன்னொரு போட்டியில் மொத்த கேமும் 13 கிலோபைட் ஜிப்புக்குள் அடங்கவேண்டும். நம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கம் படம் அதைவிடப் பெரியது. அங்கே போய் ‘கிராபிக்ஸ் சுமார்’ என்று எழுதுவது நியாயமா?

சொன்னதைக் கேம் செய்தவர் மாற்றவில்லையே என்று கோபித்துக்கொள்வதும் உண்டு, நானும் கோபித்துக்கொண்டேன். அந்த பஸ்ஸின் ஏர்ஹாரன் காதைக் கிழிக்கிறது, எடுத்துவிடு என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். “அண்ணா, மத்தவங்க எல்லாம் அதுதான் கெத்துன்னு சொல்றாங்க” என்றான். ஹாரன் இன்னும் இருக்கிறது. நான் சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடுகிறேன். பதினேழாவது வளைவு வரை வந்திருக்கிறேன்.