புது ஜொய்ஸ்டிக்கும் த்ரொட்டிலும்: எலைட் டேஞ்சரஸுக்கு முதன்முதலாகப் பொருத்துவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு ஜொய்ஸ்டிக்கும் (கப்பலைத் திருப்புகிற பிடி) த்ரொட்டிலும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பு) கைக்கு வந்து சேருவது பெரும்பாலும் இரண்டு வழியில்தான். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா வரும்போது சூட்கேஸில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய சாமானைப் பெட்டி பிரித்த கையோடு கணினியில் செருகி, எல்லாப் பட்டனுக்கும் ஒரே இருப்பில் வேலை கொடுத்து, கப்பல் கண்டபடி சுழல்வதைப் பார்த்து வெறுத்துப்போய் மறுபடி கீபோர்டுக்கே போய்விடுகிற பெடியள் நிறையப் பேர். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது. முதலில் அச்சுகளை, அதாவது பிடியும் நெம்பும் அசைகிற ஒவ்வொரு திசையையும், வடிவாகச் சரிசெய்யுங்கள். பட்டன்கள் பிறகு ஒவ்வொன்றாக வரட்டும்.

2014 இல் வெளிவந்த, விண்கப்பல் ஓட்டுகிற கேமான எலைட் டேஞ்சரஸை வைத்துத்தான் விளக்குகிறேன். சாதனத்துக்குத் த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம் ஜொய்ஸ்டிக்கும், அதோடு வரும் டி.டபிள்யூ.சி.எஸ். த்ரொட்டிலும். உங்களிடம் வேறு மொடல் இருந்தாலும் ஒழுங்கு இதேதான்.

படி 1: மேசையும் கதிரையும்

இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் கை நோகத் தொடங்குவது இங்கேதான். ஜொய்ஸ்டிக்கைப் பிடிக்கும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்து, தோள் தளர்ந்து இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் தோள் மேலே ஏறிவிடும். அரை மணித்தியாலத்தில் கழுத்து பிடிக்கும். கதிரைக்கு ஒரு தலையணை போட்டு உங்களை உயர்த்துங்கள், அல்லது பதிவான ஒரு மேசையைத் தேடுங்கள். ஜொய்ஸ்டிக் வலக்கைக்கு, த்ரொட்டில் இடக்கைக்கு, கீபோர்ட் நடுவில் சற்று உள்ளே தள்ளி. மேசை வழுக்கினால் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். இழுக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து நகர்ந்தால் எந்த அமைப்பும் சரிவராது.

படி 2: செருகுதல்

இரண்டுக்கும் தனித்தனி யூ.எஸ்.பி. துளை வேண்டும். மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளைகளில் நேரடியாகச் செருகுங்கள். மடிக்கணினியில் துளை போதாவிட்டால், தனி மின்சாரம் எடுக்கிற ஹப் ஒன்று வாங்குங்கள். மலிவான சின்ன ஹப்பில் மௌஸ், ஹெட்செட் எல்லாவற்றோடும் சேர்த்துச் செருகினால் இடையில் தொடர்பு அறுந்து அறுந்து வரலாம்.

பிறகு தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து ட்ரைவரை இறக்கி நிறுவுங்கள். ஃபேர்ம்வெயரை (சாதனத்துக்குள்ளேயே இருக்கிற மென்பொருளை) புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சாதனமே செயலிழந்து போகக்கூடும். பற்றரி நிறைந்த மடிக்கணினியிலோ யூ.பி.எஸ். இருக்கிற கணினியிலோ மட்டும் அதைச் செய்யுங்கள். நம் ஊரில் இது கட்டாயம்.

படி 3: விண்டோஸில் சோதித்தல்

கேமை இன்னும் திறக்க வேண்டாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, வை, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று தட்டி என்டர் கொடுங்கள். செருகியிருக்கிற கொன்ட்ரோலர்களின் பட்டியல் திறக்கும். ஜொய்ஸ்டிக்கைத் தெரிவு செய்து ப்ரொபர்ட்டீஸுக்குள் போங்கள்.

அங்கே ஒரு சதுரமும் அதற்குள் ஒரு சிறிய கூட்டல் குறியும் தெரியும். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். குறி நட்டநடுவில் அசையாமல் நிற்கிறதா? ஆறுதலாக நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். மூலை வரை போகிறதா, வழியில் எங்காவது துள்ளுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஜொய்ஸ்டிக்கை முறுக்கிப் பாருங்கள். த்ரொட்டிலுக்கும் இதே சோதனைதான்: கீழிருந்து மேலே தள்ளும்போது கோடு வெற்றாகத் தொடங்கி முழுதாக நிரம்ப வேண்டும். எந்தப் பட்டனை அழுத்தினால் எந்த இலக்கம் எரிகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

குறி நடுவில் நிற்காவிட்டால் அதைச் சரிசெய்ய அதே பகுதியில் கலிப்ரேட் இருக்கிறது. அது சொல்லுகிறபடி செய்யுங்கள். கலிப்ரேட் செய்த பிறகும் துள்ளினால் பிழை சென்சரில். டி.16000எம்மின் இரண்டு பிரதான அச்சுகளும் காந்தத்தை உணருகிற ஹோல் வகை. உள்ளே உராய்வு இல்லை, தேய்வும் இல்லை. மலிவான பல ஜொய்ஸ்டிக்குகளில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். அதற்குள்ளே ஒரு தொடுமுனை பாதை ஒன்றின் மேல் உரசிக்கொண்டு போகும், தூசி புகுந்தால் துள்ளும். செம்மண் தூசி பறக்கிற வலிகாமத்திலும் உப்புக்காற்று அடிக்கிற குருநகர்ப் பக்கத்திலும் இருப்பவர்கள், விளையாடி முடித்ததும் ஒரு துணியால் மூடி வைப்பது நல்லது.

படி 4: கேமுக்குள் அச்சுகள்

ஒப்ஷன்ஸ், பிறகு கொன்ட்ரோல்ஸ். மேலே உள்ள பட்டியலில் பல சாதனங்களுக்குத் தயார் அமைப்புகள் இருக்கும். உங்களுடையது இருந்தால் அதைத் தெரிவு செய்துவிட்டு, கீழே சொல்லுகிற அச்சுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஜொய்ஸ்டிக்கை முன்பின் அசைப்பது பிட்ச், அதாவது மூக்கு மேலும் கீழும். பக்கவாட்டில் சாய்ப்பது ரோல். முறுக்குவது யோ, மூக்கு இடமும் வலமும். கார் ஓட்டிய பழக்கத்தில் பலர் திரும்புவதற்கு யோவையே நம்புகிறார்கள். இந்தக் கேமில் யோ மந்தம். திரும்ப வேண்டிய பக்கம் ரோல் பண்ணி, பிறகு ஜொய்ஸ்டிக்கை இழுங்கள். கப்பல் கெதியாகத் திரும்பும். இழுக்கும்போது மூக்கு கீழே போனால், அந்த அச்சுக்குப் பக்கத்தில் உள்ள, திசையைத் தலைகீழாக்குகிற இன்வேர்ட்டை மாற்றுங்கள்.

விண்வெளிக்கே உரியது அடுத்தது. சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற ஏ.டி.ஆர். விமானத்துக்குக் காற்று இருக்கிறது. இறக்கைக்கு அடியில் அது பிடித்துக்கொள்ளும். விண்கப்பலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால் மூக்கைத் திருப்பாமலே மேல், கீழ், இடம், வலம் என்று நகர உந்திகள் வைத்திருக்கிறார்கள். த்ரொட்டிலில் இருக்கிற குட்டி ஸ்டிக்கை இந்த நான்கு திசைக்கும் கொடுங்கள். விண்வெளி நிலையத்தில் இறங்கும்போது இதன் அருமை தெரியும்.

த்ரொட்டிலுக்கு இரண்டு முறைகள் உண்டு. ஃபுல் ரேஞ்ச் என்றால் நடுப்பகுதி சுழியம், மேலே முன்னோக்கு, கீழே பின்னோக்கு. ஃபோர்வேர்ட் ஒன்லி என்றால் அடிப்பகுதியே சுழியம், முழு நீளமும் முன்னோக்கு. பின்னோக்கிப் போக ஒரு பட்டன் வைக்க வேண்டும். நடுவில் விரலுக்குத் தெரிகிற தடுப்பு இருக்கிற த்ரொட்டிலென்றால் முதலாவது நல்லது. தடுப்பு இல்லாமல் வழுகிப்போகிற வகைக்கு இரண்டாவதையே சொல்லுவேன். திரையைப் பார்க்காமல் கப்பலை நிறுத்தக்கூடிய நிலை வேண்டும். அடிமட்டத்தில் இடிக்கும்வரை இழுத்தால் போதும் என்பது ஆரம்பத்தில் பெரிய நிம்மதி.

படி 5: டெட்சோன்

ஜொய்ஸ்டிக் நடுவைச் சுற்றி எவ்வளவு அசைவைக் கேம் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதே டெட்சோன். கூட்டி வைத்தால் குறிபார்க்கும்போது கை அசைந்தும் கப்பல் அசையாது, பிறகு திடீரெனத் துள்ளும். ஆகவே சுழியத்தில் தொடங்குங்கள்.

நிலையத்தை விட்டு நன்றாகத் தள்ளி வந்து த்ரொட்டிலைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே கப்பலை நிலையத்தோடு சேர்த்துச் சுழற்றுகிற வசதி குழப்பும். திரையின் நடுக்குறியை ஒரு நட்சத்திரத்தின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். நட்சத்திரம் குறியை விட்டு மெல்ல நழுவினால், எந்தத் திசையில் நழுவுகிறதோ அந்த அச்சின் டெட்சோனை மட்டும் ஒரு துளி கூட்டுங்கள். நழுவல் நின்றதும் நிறுத்துங்கள்.

முறுக்கு அச்சுக்கு மட்டும் சற்று தாராளமாகவே வைக்கலாம். பக்கவாட்டில் சாய்க்கும்போது மணிக்கட்டு தன்பாட்டில் கொஞ்சம் முறுக்கிவிடும். ரோல் பண்ணும்போதெல்லாம் மூக்கும் சேர்ந்து ஆடுவது அதனால்தான்.

படி 6: பட்டன்கள், மிகச் சில

முதல் கிழமைக்கு இவை போதும்: ட்ரிகரில் முதலாவது ஆயுதம், பெருவிரலுக்குக் கிட்ட இரண்டாவது ஆயுதம், முன்னால் இருப்பதைக் குறிவைத்தல், திடீரென வேகம் கூட்டுகிற பூஸ்ட், இறங்கு சக்கரம், பாய்ச்சலுக்கான ஃப்ரேம் ஷிஃப்ட் ட்ரைவ். ஜொய்ஸ்டிக்கின் உச்சியில் இருக்கிற ஹட்டை (பல திசைக்கும் தள்ளக்கூடிய சின்னப் பட்டனை) பக்கத் திரைகளைத் திறக்கவும் அவற்றுக்குள் நகரவும் வையுங்கள். மீதியெல்லாம் கீபோர்டிலேயே இருக்கட்டும். ஏதாவது ஒன்றுக்காகக் கை அடிக்கடி கீபோர்டுக்குத் தாவுவதைக் கண்டால், அன்றைக்கு அதற்கு ஒரு பட்டன் கொடுங்கள். பூஸ்டை இறங்கு சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நிலையத்துக்குள் விரல் மாறினால் கப்பல் சுவரில்தான் போய் நிற்கும்.

படி 7: பழக்கம்

தொடக்கக் கப்பலான சைட்வைண்டரோடு ஒரே பயிற்சி: வெளியே போய்த் திரும்பி வந்து இறங்குதல். வேகமானியில் நீல நிறப் பகுதி ஒன்று இருக்கும், த்ரொட்டிலை அதற்குள் வைத்தால்தான் கப்பல் நன்றாகத் திரும்பும். இதைக் கை தானாகவே கண்டுபிடிக்கும்வரை சண்டைக்குப் போக வேண்டாம்.

சூப்பர்குரூஸில், அதாவது நெடுந்தூரம் போகிற அதிவேக ஓட்டத்தில், நிலையத்தை நோக்கி வரும்போது, சேர இன்னும் 7 விநாடி என்று திரை காட்டியதும் த்ரொட்டிலை 75 வீதத்துக்கு இழுத்து அப்படியே விடுங்கள். தாண்டிப் போகாமல் போய்ச் சேருவீர்கள். 7.5 கிலோமீற்றருக்குள் வந்ததும் இறங்க அனுமதி கேளுங்கள். வாசலுக்குள் நுழையும்போது பச்சை விளக்குகள் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். இறங்கு மேடைக்கு மேலே வந்ததும் சக்கரத்தை இறக்கி, த்ரொட்டிலைச் சுழியத்தில் வைத்து, குட்டி ஸ்டிக்கால் மட்டும் கீழே இறக்குங்கள்.

படி 8: பிரதி எடுத்து வைத்தல்

எல்லாம் சரிவந்ததும் அமைப்புக் கோப்பைப் பிரதி எடுங்கள். விண்டோஸ் பயனர் கோப்புறையில் ஆப்-டேட்டாவுக்கு உள்ளே இருக்கிற லோக்கலுக்குள் ஃப்ரொன்டியர் டெவலப்மென்ட்ஸ், எலைட் டேஞ்சரஸ், ஒப்ஷன்ஸ், பைண்டிங்ஸ் என்று போனால் கஸ்டம் என்று தொடங்குகிற கோப்பு இருக்கும். த்ரொட்டிலைச் செருக மறந்து கேமைத் திறந்தால் அமைப்புகள் பழையபடி மாறிப்போகலாம். இரண்டையும் செருகிய பிறகே கேமைத் திறவுங்கள். அப்படியும் மாறிவிட்டால், கேமை மூடி, பிரதியை அதே இடத்தில் ஒட்டி, மறுபடி திறந்து கொன்ட்ரோல்ஸில் கஸ்டமைத் தெரிவு செய்யுங்கள்.