வேலைப் பழக்கத்தைப் போர்டில் எழுதிப் போடாதீர்கள், பட்டறையில் பழக்குங்கள்

தொழில் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் 14 வருடம் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலருக்கு நான்தான் வேலை காட்டிக்கொடுத்தேன். மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரியாதவருக்கு இரண்டு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். மாட்டும்போது போல்ட் உடைந்ததை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

ஆசிரியரான முதல் வருடம், நேரம் தவறாமை, பொறுப்பு, ஒழுங்கு என்று போர்டில் எழுதிப் பாடம் நடத்தினேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், தேர்விலும் சரியாக எழுதினார்கள். பட்டறையில் ஒன்றும் மாறவில்லை. அதன் பிறகு அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டு, அன்றாட வேலைக்குள்ளேயே பழக்கத்தைப் புகுத்த ஆரம்பித்தேன். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் நேரம். தாமதமாக வருபவரை வெளியே நிறுத்தாதீர்கள், அவருடைய வேலைதான் இன்னும் பின்தங்கும். தாமதம் ஆகும் என்று தெரிந்த உடனே குழுத் தலைவருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வருவேன், இன்று என் பங்கு எது, அதை யார் தொடங்கலாம் என்று மூன்று விவரம் போதும். காரணத்தை விளக்கி எழுத வேண்டியதில்லை.

அடுத்தது, சொன்ன வேலையைத் திருப்பிச் சொல்வது. தரைக் கட்டுப்பாட்டு அறை தரும் அனுமதியின் முக்கிய விவரங்களை விமானி திருப்பிச் சொல்வார், தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். என் வகுப்பிலும் அதே முறைதான். என்ன வேலை, எப்போதைக்குள், எப்படி இருந்தால் முடிந்ததாகக் கணக்கு என்று மாணவர் சொல்லிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும். நான் வேண்டுமென்றே ஒரு விவரத்தை விட்டுவிடுவேன். "இந்தப் பேனலுக்கு வயரிங் முடித்துவிடுங்கள்" என்பேன், எப்போதைக்குள் என்று சொல்ல மாட்டேன். முதல் மாதம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று தொடங்குமுன் எழுதச் சொல்லுங்கள், முடிந்ததும் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதட்டும். முன்பு இதே போன்ற வேலைக்கு அதிக நேரம் ஆனது தெரிந்திருந்தும் இம்முறை சீக்கிரம் முடியும் என்றே மனிதர்கள் நினைக்கிறார்கள் என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் குறைத்துப் போட்டதற்குத் திட்ட வேண்டாம். பத்துப் பதினைந்து வேலை ஆனதும் அவர்களுடைய நோட்டே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

நான் அதிக நேரம் செலவிடுவது பொறுப்பு ஒப்படைப்பதில். என்னிடம் காலை ஒரு குழு, மதியம் ஒரு குழு. இரண்டுக்கும் ஒரே மோட்டாரைக் கொடுப்பேன். காலைக் குழு வேலையைப் பாதியில் விட்டுப் போக வேண்டும், மதியக் குழு தொடர வேண்டும். நேரில் பேசக் கூடாது, ரிஜிஸ்டர் மட்டும்தான். முதல் வாரம் "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போவார்கள். மதியம் வந்தவர்கள் திருகாணிகளை வைத்துக்கொண்டு விழிப்பார்கள்.

அப்போதுதான் பைப்பர் ஆல்ஃபாவைப் பற்றிச் சொல்வேன். வடகடலில் இருந்த எண்ணெய், எரிவாயுத் தளம் அது. 1988 ஜூலை 6 அன்று பகலில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனதும், வால்வு கழற்றிய இந்தப் பம்பை இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியிலேயே ரிஜிஸ்டரைத் திறந்து நான்கு தலைப்பு எழுதச் சொல்வேன்: முடிந்தது, முடியாதது, கழற்றி வைத்திருப்பது, தொடக் கூடாதது. இதற்கு மதிப்பெண் போடுவது நான் இல்லை. காலைக் குழுவின் குறிப்புக்கு மதியக் குழு போடும். படித்துப் புரியாமல் அவதிப்பட்டவருக்குத்தான் அதன் தரம் தெரியும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்லும் பழக்கம்.

ஒரு மாணவர் மல்டிமீட்டரின் (வோல்டேஜ், கரண்ட் அளக்கும் கருவி) வயரை, கரண்ட் அளப்பதற்கான ஆம்பியர் துளையில் செருகியபடியே வோல்டேஜ் அளந்துவிட்டார். உள்ளே ஃபியூஸ் போய்விட்டது. பயந்துபோய் மீட்டரை அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் இன்னொரு மாணவி அதே மீட்டரில் கரண்ட் அளந்தார், பூஜ்யம் காட்டியது. சர்க்யூட்டில்தான் எங்கோ துண்டிப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். அரை நாள் போனது. விஷயம் தெரிந்ததும் அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் கடுமையாகத் திட்டினேன். அது என் தவறு. அதன்பின் அந்த வருடம் முழுக்க யாரும் என்னிடம் எதையும் தானாக வந்து சொல்லவில்லை.

டொயோட்டா தொழிற்சாலைகளில் உற்பத்தி வரிசைக்கு மேலே நீண்ட காலம் ஒரு கயிறு இருந்தது. கோளாறைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார், வண்டி வரிசையில் குறித்த இடத்தை அடைவதற்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். அந்தக் கயிறு பயன்பட வேண்டுமானால், இழுத்தவரிடம் வருகிறவர் உதவ வர வேண்டும். என் பட்டறையில் கயிற்றுக்குப் பதில் சிவப்பு அட்டை. எது பழுதானாலும், தவறாகப் போனாலும், நேரத்துக்கு முடியாது என்று தெரிந்தாலும் அட்டையைக் கட்டிவிட்டு வந்து சொல்ல வேண்டும். நான் முதலில் கேட்பது "இப்போது என்ன நிலை?" என்றுதான். "யார் செய்தது?" என்று தொடங்கினால் அடுத்த அட்டை வராது.

இதோடு ஒரு எச்சரிக்கை. வேலைப் பழக்கம் என்ற பெயரில் தலையாட்டக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். "இதை முடிக்க நாளை ஆகும், இன்றே வேண்டுமென்றால் எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று மரியாதையாகக் கேட்கவும், ஆபத்தான வேலையை மின்சாரத்தைத் துண்டிக்காமல் செய்ய மாட்டேன் என்று சொல்லவும் பழக்குங்கள். நான் இதை இரண்டு பேரை நிற்க வைத்து வாய்விட்டுப் பேசவைத்தே பழக்குகிறேன். அமைதியான பிள்ளைகளுக்கு இது கஷ்டம், அவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு கொடுங்கள்.

இந்தப் பழக்கங்களுக்கு மதிப்பெண் கட்டாயம் வேண்டும். 100-க்கு 30 வைத்திருக்கிறேன். ஆனால் "பொறுப்புணர்வு" என்று தலைப்பு வைத்தால் நமக்குப் பிடித்த பிள்ளைக்குத்தான் கை போகும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதை மட்டும் எழுதுங்கள்: குறிப்பில் நேரம் இருக்கிறதா, கருவி எடுத்த இடத்துக்குத் திரும்பியதா, தாமதச் செய்தி முன்கூட்டியே வந்ததா.

சிவப்பு அட்டையை வெறும் அறிவிப்பாகச் சொன்னால் யாரும் தொட மாட்டார்கள். முதல் வாரத்திலேயே, உங்களிடம் உண்மையாக நடந்த ஒரு தவறுக்கு நீங்களே முதல் அட்டையை எழுதி, எல்லோர் முன்னாலும் படித்துவிட்டுக் கட்டுங்கள்.