அம்மாவின் திதியைக் கண்டுபிடித்த விதம்

பங்குனித் தேய்பிறையில், செவ்வாய்க்கிழமை அதிகாலை 4 மணிக்கு அம்மா காலமானார். தலைத்திவசத்துக்கு (முதலாண்டுத் திவசம்) திதி தசமியா, ஏகாதசியா என்ற குழப்பத்திலேயே பல நாள்கள் வீணாயின. தினசரி நாட்காட்டி செவ்வாய்க்கு ஏகாதசி என்றது. கைப்பேசிச் செயலியும் அதையே காட்டியது. ஆனால் செயலியின் கணக்கு தற்கால வானியலை ஒட்டிய திருக்கணிதம், நாங்களோ அப்பாவின் திவசத்தைப் பழைய சூத்திரங்களை ஒட்டிய வாக்கியப் பஞ்சாங்கப்படியே செய்துவருகிறோம். இறுதியில் அந்த ஆண்டின் வாக்கியப் பஞ்சாங்கத்தைத் தேடியெடுத்து (பழையவற்றை எடைக்குப் போடாத பெரியம்மா வாழ்க), செவ்வாயை விட்டுத் திங்கள் வரிசையைப் பார்த்தபோதுதான் சிக்கல் அவிழ்ந்தது. நாழிகைக் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குவதால், விடியுமுன் வரும் 4 மணி முந்தைய நாளுக்கே உரியது. உதயம் 6 மணி என்று கொண்டால், நாழிகைக்கு 24 நிமிடமாக, அப்போது 55 நாழிகை ஆகியிருந்தது. தசமியோ 57 நாழிகை வரை இருந்தது. புரோகிதரும் சரிபார்த்து ஒப்புக்கொண்டபின், தேய்பிறைத் தசமியிலேயே திவசத்தை நிம்மதியாகச் செய்தோம்.