108 ஆம்புலன்ஸில் ஷிப்ட் மாற்றம்: பேச்சுவார்த்தைக்குச் சங்கம் தயாராவது எப்படி?

டியூட்டி சார்ட் மாறப்போகிறது என்றதும் பேச்சு முழுக்க "எத்தனை மணிக்கு ஷிப்ட், யாருக்கு நைட்" என்பதிலேயே சுற்றும். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஆள்கணக்கு. 12 மணி நேர ஷிப்டை 8 மணி நேரமாக்கக் கேட்கும் சங்கம், வண்டிக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற எண் இல்லாமல் உள்ளே போனால், 8 மணி நேரம் என்று எழுதிய தாளோடும் பழைய 12 மணி நேர வேலையோடும்தான் வெளியே வரும்.

ஆள்கணக்கு

ஒரு வண்டியில் பைலட் (ஓட்டுநர்) ஒருவர், இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) ஒருவர். இந்த இரண்டு இடத்திலும் வருடம் முழுக்க 24 மணி நேரமும் ஆள் வேண்டும். 8 மணி நேர ஷிப்ட் என்றால் ஓர் இடத்துக்கு வருடத்தில் 365 × 3 = 1,095 ஷிப்ட். ஒரு தொழிலாளி எத்தனை நாள் வேலைக்கு வருவார்? 365 நாளில் வார ஓய்வு 52, தேசிய, பண்டிகை விடுமுறை 9, சம்பளத்துடன் கூடிய விடுப்பு உதாரணத்துக்கு 24. இவை போக 280 நாள். 1,095ஐ 280ஆல் வகுத்தால் 3.9. ஆக ஓர் இடத்துக்கு 4 பேர், ஒரு வண்டிக்கு 8 பேர். உங்கள் ஊழியர்களுக்கு உண்மையில் உள்ள விடுப்பு நாட்களைப் போட்டு இதே கணக்கை மறுபடி செய்யுங்கள்.

எதிர்த்தரப்பிலிருந்து பெரும்பாலும் வரும் எண் 3.5. அதாவது ஷிப்டுக்கு ஒருவர், இரண்டு வண்டிக்குப் பொதுவாக ஒரு ரிலீவர் (மாற்று ஆள்). கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். வாரத்தில் 21 ஷிப்ட், ஒருவருக்கு 6 ஷிப்ட்; வகுத்தால் சரியாக 3.5. ஆனால் அதில் வார ஓய்வு மட்டுமே அடங்கியிருக்கிறது. விடுப்பு ஒரு நாளுக்குக்கூட இடமில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்தவர் 16 மணி நேரம் வண்டியில் இருக்க வேண்டியதுதான். பேச்சுவார்த்தையில் முதலில் பிடிக்க வேண்டிய இடம் இதுவே.

இருக்கிற ஆட்களோடு 12 மணி நேரத்தையே தொடரலாம் என்றால் அந்தக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். ஓர் இடத்துக்கு 3 பேர் இருந்தால், யாருமே விடுப்பு எடுக்காத வாரத்தில்கூட ஆளுக்கு 56 மணி நேரம் வருகிறது. வார வரம்பான 48 மணி நேரத்தைத் தாண்டிய 8 மணிக்கும் இரட்டிப்பு ஊதியத்தில் ஓ.டி. (கூடுதல் நேரப் பணம்) கணக்கிட்டு, வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று காட்டுங்கள். புது ஆட்களை எடுக்கும் செலவையும் அதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பேச்சின் போக்கு மாறும்.

ஆதாரம் சேர்த்தல்

குறைந்தது மூன்று மாதப் பதிவு வேண்டும். வண்டிவாரியாக ஐந்து விவரம் போதும்: தேதி, ஷிப்ட் முடிய வேண்டிய நேரம், உண்மையில் பேஸில் (வண்டி நிற்கும் நிலையத்தில்) இறங்கிய நேரம், தாமதத்தின் காரணம், அடுத்த ஷிப்டுக்கு முன் கிடைத்த ஓய்வு மணி. வண்டி லாக் புத்தகத்தில் உள்ள நேரத்தையே எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் நினைவிலிருந்து போட்ட எண்ணை நிர்வாகம் ஒரே கேள்வியில் தள்ளிவிடும். நோயாளி பெயரோ, சிகிச்சைப் படிவத்தின் போட்டோவோ இந்தப் பதிவில் ஒருபோதும் வரக்கூடாது. அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். கொடுத்த தோழர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதுவே வழி திறந்துவிடும்.

யாரோடு பேசுவது?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் அரசு–தனியார் கூட்டு முறையில் தொடங்கியது. வண்டியை ஓட்டி நிர்வகிப்பது நிறுவனம். பணம் தருவது அரசு. ஆள் கூடினால் செலவு கூடும், அதற்கு நிறுவனம் அரசைக் காட்டும். நிறுவனத்துக்கு மட்டும் கோரிக்கை அனுப்பினால் ஆறு மாதம் கழித்து "அரசிடம் கேட்டிருக்கிறோம்" என்ற பதில்தான் வரும். கோரிக்கை மனுவை நிறுவனத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரே நாளில் அனுப்பி, மூன்றுக்கும் ஒப்புதல் சீட்டு வாங்கி வையுங்கள். சமரசப் பேச்சில் சுகாதாரத் துறைப் பிரதிநிதியும் வர வேண்டும் என்று தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சட்டத்தில் பிடிப்பு

தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ பிரிவு என்று நாம் சொல்லிவந்தது இப்போது 40ஆம் பிரிவு. வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட் முறை ஆகியவற்றை மாற்ற, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் நோட்டீஸ் தர வேண்டும். 21 நாளுக்குள் அமல்படுத்தக் கூடாது. குரூப்பில் போட்ட சார்ட் நோட்டீஸ் ஆகாது. அப்படி வந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். இதில் ஒரு விலக்கு உண்டு: அவசர நிலையில் குறைதீர்ப்புக் குழுவோடு கலந்தாலோசித்து ஷிப்டை மாற்றலாம். ஆகவே அந்தக் குழுவில் நம் ஆட்கள் இருக்கிறார்களா என்பதை இப்போதே பாருங்கள். நம் துறையில் எதற்கும் "அவசரம்" என்று பெயர் வைத்துவிடலாம்.

பல சங்கங்கள் உள்ள இடத்தில் தொழிலாளர்களில் 51 சதவீதமாவது உறுப்பினர்களாக உள்ள சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாகும். எவருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்காமல் மேசைக்குப் போகாதீர்கள்.

வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும். அந்த நோட்டீஸ் 60 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சமரசம் நடக்கும்போதும், முடிந்து 7 நாளுக்குள்ளும் நிறுத்த முடியாது. ஒரே நாளில் பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமே. "லீவுதானே" என்று நினைத்து இளம் தோழர்கள் மாட்டுவது இங்கேதான்.

சார்ட்டில் கவனிக்க வேண்டியவை

ஷிப்ட் சுழற்சி காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். பின்னோக்கிப் போனால் தூக்கம் கெடும். இரண்டு ஷிப்டுக்கு இடையே குறைந்தது 11 மணி நேர ஓய்வு கேளுங்கள். பிரிட்டனின் 1998 வேலை நேர விதிகளில் உள்ள அளவு இது. தொடர் இரவு மூன்றுக்கு மேல் வேண்டாம். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும் நேரம் காகிதத்தில் அழகு. ஆனால் இரவு 10 மணிக்கு இறங்குபவருக்குக் கிராமத்து பேஸில் பஸ் இருக்காது. பெண் இஎம்டிகளை மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பணியில் வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். நேரத்தை முடிவு செய்யும் முன் பேஸ்வாரியாகக் கடைசி பஸ் நேரத்தைக் குறித்து வாருங்கள்.

அதிகம் சண்டை வருவது ஷிப்ட் முடிவில் வரும் கேஸில். இரவு 9.30க்கு வால்பாறையிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்கு ஒரு மாற்றல் கேஸ் வருகிறது. ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு, மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். நோயாளியை ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சர் திரும்பக் கிடைத்து, மலையேறி வரும்போது விடியல் நெருங்கியிருக்கும். எந்த ஊழியரும் நோயாளியை விட்டுவிட்டு இறங்க மாட்டார், இறங்கவும் கூடாது. அதனால் விதியை முன்பே எழுத வேண்டும்: ஷிப்ட் முடிய 30 நிமிடம் இருக்கும்போது உயிர் ஆபத்தில்லாத கேஸைக் கன்ட்ரோல் ரூம் பக்கத்து வண்டிக்குத் தர வேண்டும், உயிர் ஆபத்துக் கேஸ் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். பேஸ் திரும்பும் நிமிடம் வரை ஓ.டி.; அடுத்த ஷிப்ட் 11 மணி நேர ஓய்வுக்குப் பிறகே தொடங்கும்; அதனால் குறையும் மணிகளுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. ஆக்சிஜன் அளவு, மருந்து, உபகரணம் சரிபார்த்து ஒப்படைக்கும் 15 நிமிடமும் வேலை நேரமே என்று எழுதுங்கள்.

ஒப்பந்தம்

சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், இனிச் சேர்பவர்களையும் கட்டுப்படுத்தும். தனியாகப் போட்டால் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். முன்னதையே கேளுங்கள். காலத்தையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் 6 மாதம் என்றே சட்டம் கொள்ளும். மணி குறைவதால் மாத மொத்தச் சம்பளம் குறையாது என்ற வரி தனியாக இருக்கட்டும். ஷிப்ட் எண்ணிக்கையோடு கட்டிய பேட்டா இருந்தால் அதையும் பெயர் சொல்லிச் சேருங்கள். "சம்பளம்" என்ற சொல்லுக்குள் பேட்டா அடங்காது என்று பிறகு சொல்வார்கள்.

புதிய சார்ட்டை இரண்டு மூன்று பேஸில் 8 வாரம் சோதித்துப் பாருங்கள். அங்கே முதல் நாளிலேயே முழு ஆள்பலம் இருக்க வேண்டும். "ஆள் பிறகு வரும்" என்று ஆரம்பித்தால் தோல்விக்குக் காரணம் சார்ட் அல்ல, ஆள் பற்றாக்குறை. ஆனால் அறிக்கையில் 8 மணி நேரம் சரிப்படவில்லை என்றே எழுதப்படும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஒரே ஐந்து விவரங்களை எடுங்கள், வாரா வாரம் இரு தரப்பும் அந்தத் தாளில் கையெழுத்திடட்டும்.